ஒரு சதுரத்துள் ஒரு மலை: அண்ணாமலைச் சரிவும் செயற்கைக்கோள் சான்றும்

1. வினா

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்தை ஒட்டிய வீடுகளின் மேல் மண்ணும் பாறையும் மழைநீரோடு கலந்து சரிந்து விழுந்தன. அதில் அகப்பட்டு ஏழு பேர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். முந்திய இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வழக்கமாகப் புயல்கள் செய்வதுபோல் விரைந்து உள்நாடு புகுந்து கலைந்துவிடாமல், பல மணி நேரம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று பொழிந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டரும், அடுத்த நாளின் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறக்குறைய அதே அளவும் மழை பதிவாயிற்று. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வழியில் கிடப்பது திருவண்ணாமலை.

இத்துயரத்தை ஒட்டி எழுந்த பேச்சில் இருவகை அபிப்பிராயங்களைப் பிரித்தறியலாம். விண்ணில் இத்தனை செயற்கைக்கோள்கள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்க, நம் கண்ணெதிரே நிற்கும் ஒரு மலை சரியப் போவதை அவை முன்கூட்டிக் காணாதிருக்குமா, கண்டவர்கள் சொல்லாமல் விட்டார்கள் என்பது ஒன்று. இயற்கையின் சீற்றத்தை எந்த யந்திரமும் அளந்துவிட முடியாது, நடப்பது நடந்தே தீரும் என்பது மற்றொன்று. முன்னது யந்திரத்துக்கு அதற்கில்லாத சக்தியை ஏற்றிச் சொல்கிறது. பின்னது அதற்குள்ள சக்தியையும் மறுத்துவிடுகிறது. பரிசோதனை என்பது இரண்டிலும் இல்லை. பூமியையும் அதைச் சூழ்ந்த விண்வெளியையும் ஆராய்வதற்கென்று ஏவப்பட்ட கோள்கள், அண்ணாமலை என்னும் இந்த ஒரு மலையைப் பொறுத்தவரை எதைக் காண வல்லவை, எதை ஊகிக்க மாத்திரம் வல்லவை, எதை அறவே அறியாதவை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பார்த்ததில் எனக்குத் தோன்றும் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். அந்த ஒரு மாலையைப் பற்றிக் கோள்கள் சொல்லக்கூடியது சொற்பம்; அதற்கு முந்திய நாற்பதாண்டுகளைப் பற்றிச் சொல்லக்கூடியதோ மிக அதிகம். நாம் அவற்றிடம் ஓயாமல் கேட்பது முன்னதை. கேட்காமலே விட்டது பின்னதை.

2. மேலே இருப்பவை

வானிலையைப் படமெடுக்கும் பொருட்டு முதன்முதலாக வெற்றியுடன் ஏவப்பட்ட கோள் அமெரிக்கரின் டைரோஸ்-1. அது 1960 ஏப்ரல் முதல் தேதி விண்ணேறியது. நம் நாட்டின் முதற்கோளாகிய ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டபோது, அது சுமந்து சென்றவை எக்ஸ் கதிர் வானியல், மேல்வளிமண்டலம், சூரியன் ஆகியவற்றைப் பற்றிய விஞ்ஞானக் கருவிகளே. மின்சாரக் கோளாற்றினால் சில நாட்களிலேயே அச்சோதனைகள் நின்றுபோயின. அடுத்து வந்த பாஸ்கரா-1 (1979 ஜூன் 7) தலையைக் குனிந்து தரையைப் பார்த்தது: இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்களும், கடல்மேலுள்ள நீராவியை நுண்ணலையால் அளக்கும் கருவி ஒன்றும் அதில் இருந்தன. அன்று தொடங்கி இந்தியக் கோள்களில் இரண்டு வம்சங்களைக் காணலாம். கீழே பார்ப்பவை ஒரு வம்சம். தம்மைச் சூழ்ந்த விண்வெளியையே தொட்டுப் பார்ப்பவை மற்றொன்று. பொதுமக்கள் முதல் வம்சத்தையே அறிவர். இரண்டாவதற்கும் அண்ணாமலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

கீழே பார்ப்பவற்றுள்ளும் இருவகை. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் இன்சாட் வரிசை ஒருவகை. 1983-இல் இன்சாட்-1பி தொடங்கி, 2013-இல் 3டி, 2016-இல் 3டிஆர், 2024 பிப்ரவரி 17-இல் 3டிஎஸ் என்று அவ்வரிசை வளர்ந்திருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றி, ஒவ்வோர் இடத்தையும் சில நாட்களுக்கொருமுறை மாத்திரம் கடந்து செல்லும் ஐ.ஆர்.எஸ்., கார்ட்டோசாட், ரிசாட் முதலியன மற்றொரு வகை. எப்போதும் பார்ப்பது தூரத்தில் இருக்கிறது, ஆதலின் நுணுக்கம் குறைவு. நுணுக்கமாகப் பார்ப்பது கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் எப்போதும் இருப்பதில்லை. எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் இந்த நியதியை முழுமையாகத் தாண்டிவிட முடியாது.

3. மேகம் காட்சி, மழை கருதல்

சைவ சித்தாந்திகள் அறிவின் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். நேரே கண்டறிவது ஒன்று, புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அனுமானிப்பது ஒன்று, நம்பத்தக்கார் சொல்லால் அறிவது ஒன்று. செயற்கைக்கோள் தரும் செய்தி முழுவதும் காட்சி என்று நாம் நினைத்துக்கொள்வதே இவ்விஷயத்திலுள்ள குழப்பத்துக்கெல்லாம் மூலம். திரையில் தெரியும் படம் அத்தனை தெளிவாக இருக்கிறபடியால், அதன் பெரும்பகுதி கருதல் என்பது மறந்துபோகிறது.

இன்சாட்-3டி வகைக் கோளின் படக்கருவி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் தரையை ஒரு கிலோமீட்டர்ச் சதுரங்களாகவும், வெப்பக் கதிரில் நான்கு கிலோமீட்டர்ச் சதுரங்களாகவும், நீராவியைக் காட்டும் அலைவரிசையில் எட்டு கிலோமீட்டர்ச் சதுரங்களாகவும் பிரித்துக் காண்கிறது. இரவில் பயன்படுவது வெப்பக் கதிர்ப் படமே. இப்போது ஒரு சிறு கணக்கு. அண்ணாமலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை வட்டமென்றே வைத்துக்கொண்டால் அதனுள் அடங்கும் பரப்பு 15.6 சதுர கிலோமீட்டர். பாதை உண்மையில் வட்டமன்று ஆதலால் பரப்பு இதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நான்கு கிலோமீட்டர்ப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்போ 16. ஆகவே 814 மீட்டர் உயர்ந்த அந்த மலையும், அதன் சரிவுகளும் குகைகளும் சுனைகளும், அடிவாரத்து ஆசிரமங்களும் குடியிருப்புகளும் எல்லாம் சேர்ந்து அக்கோளின் வெப்பக் கதிர்ப் படத்தில் ஒற்றைப் புள்ளி. அப்புள்ளிக்கு ஒரே ஓர் எண். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் இரவெல்லாம் நடந்து சுற்றி வருவது அந்த ஒற்றைப் புள்ளியின் ஓரத்தைத்தான்.

அந்த எண் எதைக் குறிக்கிறது? மழையை அன்று. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. குளிர்ந்த உச்சி உயர்ந்த உச்சி. உயர்ந்த மேகம் பெருமழை மேகமாக இருத்தல் கூடும். ஆகவே கீழே பலத்த மழை பெய்யக்கூடும் என மூன்று படிகளில் கருதல் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் வழுக்குவதற்கு இடமுண்டு. உயரத்தில் படர்ந்த மெல்லிய பனிப்படல மேகம் மிகக் குளிர்ந்திருந்தும் ஒரு துளியும் பெய்யாமல் போகலாம். ஈரம் மிகுந்த கடற்காற்று ஒரு குன்றில் மோதி மேலெழும்போது, அதிகம் உயராத மேகமே கொட்டித் தீர்த்துவிடலாம். சமவெளியில் தனித்து நிற்கும் அண்ணாமலை இரண்டாவது வகைப் பிழைக்கு ஏற்ற இடம் என்பதே என் எண்ணம்.

மேகத்தின் உச்சியோடு நில்லாமல் அதன் உட்புறத்தை ஊடுருவிப் பார்ப்பது நுண்ணலை. ஆனால் இங்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நுண்ணலைக் கருவிக்குக் கடல் குளிர்ந்த பின்புலமாகத் தோன்றுவதால், அதன்மேல் பெய்யும் மழைத்துளிகளின் கதிர்வீச்சு தனித்துத் துலங்கும். தரையோ தானே பலமாகக் கதிர்வீசுவது, ஆதலின் தரைமேல் பெய்யும் மழைத்துளி அதில் கரைந்து மறைந்துவிடுகிறது. மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் அக்கதிரைச் சிதறடிப்பதைக் கொண்டு மழையை அனுமானிப்பதே அங்குள்ள வழி. எனவே வங்காள விரிகுடாவில் ஃபெஞ்சல் இருந்தவரை அதைப் பற்றிய அறிவு உறுதியாயிருந்து, அது கரையேறி மக்கள்மேல் பெய்யத் தொடங்கியபோது உறுதி குறைந்தது. கடற்பரப்பில் வீசும் காற்றை அளக்கும் இ.ஓ.எஸ்.-06 போன்ற கோள்களின் பணியும் கரையோடு முடிந்துவிடுகிறது.

வெப்பமண்டலத்தின் மழையை அடிக்கடி அளக்க வேண்டும் என்றே இந்தியாவும் பிரான்சும் கூடி மேகா-டிராபிக்ஸ் என்னும் கோளை 2011 அக்டோபர் 12-இல் ஏவின. துருவத்துக்குத் துருவம் ஓடாமல், பூமத்திய ரேகைக்கு 20 பாகை சாய்ந்த பாதையில் சுற்றியதால், நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தாரை அது நாளொன்றுக்குப் பலமுறை கடந்தது. அதன் பிரதான மழைக்கருவி மெட்ராஸ் எனப் பெயர் பெற்றது. சுழன்றுகொண்டே பார்க்க வேண்டிய அக்கருவியின் யந்திரப் பகுதி பழுதுபட்டு 2013 ஜனவரியோடு அளவை நின்றது. ஏனைய கருவிகள் தொடர்ந்து உழைத்தன. கோள் 2023 மார்ச் 7-இல் திட்டமிட்டபடி வளிமண்டலத்தில் இறக்கி எரிக்கப்பட்டது. நாம் பெருமைப்படவும் வருந்தவும் ஒருங்கே இடம் தரும் சரித்திரம் அது.

இன்று பல நாட்டுக் கோள்களின் நுண்ணலை அளவைகளையும் வெப்பக் கதிர் அளவைகளையும் சேர்த்து, அரைமணிக்கொருமுறை உலகம் முழுவதற்கும் மழைக்கணக்குத் தரும் இமெர்க் என்னும் தொகுப்பை நாசா நடத்துகிறது. அதன் ஒரு கட்டம் பாகையில் பத்தில் ஒரு பங்கு. நம் அட்சரேகையில் ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர், அதாவது கிரிவலப் பரப்பைப்போல் ஏழெட்டு மடங்கு. மிக விரைவாக வெளிவரும் பதிப்பும் சுமார் நான்கு மணி நேரம் கழித்தே கைக்குக் கிடைக்கும். இந்த மழைக்கணக்கைச் சரிவு, மண், பாறை பற்றிய தகவல்களோடு சேர்த்து உலகெங்கும் நிலச்சரிவு அபாயத்தை மதிப்பிடும் லாசா என்ற முறையும் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் எப்பகுதி இன்று கவலைக்குரியது என்று சொல்ல அது உதவும். எந்தத் தெரு என்று சொல்ல அது செய்யப்படவில்லை.

விண்ணை விட்டுத் தரைக்கு வந்தால் நிலைமை சீராக இருக்குமென்று எதிர்பார்க்கலாம். அதுவும் முழுமையாக நிறைவேறுவதில்லை. மழையை நேரே உணரும் டாப்ளர் ரேடார்களில் நமக்கு அணித்தானவை சென்னையிலும் காரைக்காலிலும் உள்ளவை. திருவண்ணாமலை அவ்விரண்டிலிருந்தும் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், அநேகமாகச் சம தூரத்தில், அமைந்திருக்கிறது. பூமி உருண்டையாதலால் ரேடாரின் கதிர், அரைப்பாகை அளவுக்கே நிமிர்த்திச் செலுத்தினாலும், இத்தனை தூரம் வருவதற்குள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். 814 மீட்டர் மலையின் தலைக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான வெளி அக்கதிருக்குப் புலப்படாத வெளி. மலையினால் விளையும் மழை விளைவது அந்த வெளியில்தான்.

எஞ்சியிருப்பது மழைமானி. அது ஒன்றே இவ்விஷயத்தில் காட்சி அளவை. ஒரு வாயகன்ற புனல், அதன்கீழ் ஒரு பாத்திரம், அளவுக் கோடுகள் இட்ட ஒரு கண்ணாடிக் குடுவை என இவ்வளவே அதன் உடைமை. காலை எட்டரை மணிக்கு ஒருவர் வந்து பாத்திரத்து நீரைக் குடுவையில் ஊற்றிக் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து வாசித்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த எண் முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தின் மொத்தம். டிசம்பர் முதல் தேதி மாலைவரை பெய்த மழை, இந்தக் கிரமப்படி, இரண்டாம் தேதி காலை எட்டரை மணிக்குத்தான் ஓர் எண்ணாகப் பிறக்கிறது. அதற்குள் வ.உ.சி. நகரில் மீட்புப் படையினர் இரவு முழுவதும் மண்ணைக் கிளறியிருந்தனர். தானே பதிந்து தானே செய்தி அனுப்பும் மழைமானிகள் மாநிலத்தில் இப்போது பெருகி வருகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் நிறுவப்படுவது அலுவலக வளாகங்களின் சமதரையில். மலைச்சரிவின் நடுவில், பாறை இடுக்கில், எவ்வளவு பெய்தது என்பது அவற்றுக்கும் தெரியாது.

4. ஆறு வேறு, சரிவு வேறு

கோள்களைக் குறைத்துப் பேசுவதாக இதுவரை சொன்னதைக் கொள்ளலாகாது. அதே புயலில், அதே மாவட்டத்தில், அவற்றின் பிரயோஜனம் தெளிவாகத் தெரிந்த விஷயம் ஒன்றும் உண்டு. தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூரில் 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கனஅடி நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழ்க்கரை ஊர்களுக்குப் போதிய அவகாசத்தோடு எச்சரிக்கை சென்றதா என்பது பின்னர் அரசியல் விவாதமாயிற்று. அந்த விவாதத்தில் நான் நுழையவில்லை. அணைக்கு மேலே பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது. ஊத்தங்கரையில் கொட்டிய மழை பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையில் சேர்ந்து அணைக்கு வர மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். இத்தகைய விஸ்தீரணத்தில் 120 சதுர கிலோமீட்டர்க் கட்டம் பொடிசு. ஒரு கட்டத்தில் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் நேரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். நான்கு மணி தாமதமும் பொறுக்கத்தக்கது.

ஆற்றுக்குப் பொருந்தும் இந்தச் சாதனத்தை அப்படியே சரிவுக்கும் பொருத்த நினைப்பதே பிழை. ஆறு பரப்பைக் கூட்டிக் கணக்கிடுகிறது. சரிவோ ஓரிடத்தில் மாத்திரம் நிகழ்கிறது. பாறையின்மேல் போர்த்திய மண், நீரை உறிஞ்ச உறிஞ்ச அதன் துகளிடைவெளிகளில் நீரழுத்தம் ஏறி, துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. பிடிப்பு, எடையைத் தாங்க மாட்டாத அளவுக்குக் குறைந்த கணத்தில் அந்த ஒரு துண்டு மாத்திரம் இறங்குகிறது, பக்கத்துத் துண்டு நிற்கிறது. மழை மிகுந்த இடமெல்லாம் சரிவதில்லை; மயிலத்தில் 50 சென்டிமீட்டர் பெய்தும் அங்குச் செய்தியானது வெள்ளமே.

5. சரிவை அளக்கும் முயற்சி

அப்படியாயின் மழையை விட்டுவிட்டு, மலையின் அசைவையே விண்ணிலிருந்து அளந்தால் என்ன? இக்கேள்விக்கு விடையாக வந்ததென்று பலரும் கொண்டாடுவது, இஸ்ரோவும் நாசாவும் கூடி 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார். சுமார் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 12 மீட்டர் விட்டமுள்ள விரிகுடை போன்ற ஆன்டெனாவால் எல், எஸ் என்னும் இரு ரேடார் அலைவரிசைகளில் தரையை அளந்து, ஒவ்வோர் இடத்துக்கும் 12 நாட்களுக்கொருமுறை அதே பாதையில் திரும்பி வருவது அது. எல் அலையின் நீளம் சுமார் 24 சென்டிமீட்டர். எஸ் அலையினது பத்துக்கும் குறைவு. இருமுறை எடுத்த அளவைகளில் திரும்பிவரும் அலையின் கட்டத்தை ஒப்பிட்டால், இடைக்காலத்தில் தரை சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவு நகர்ந்திருப்பினும் தெரிந்துவிடும். மேகமோ இருளோ இதற்குத் தடையன்று.

ஆனால் இக்கருவி நன்கு காண்பது மெல்ல ஊர்ந்து நகரும் சரிவுகளை. இமயத்தில் ஆண்டுக்கணக்காக நகர்ந்து வரும் மலைப்பகுதிகளுக்கு இது அருமையான சாதனம். நீர் ஊறி ஒரு மாலையில் திடீரென இறங்கும் மண்பாறைக் குழம்பு, முந்தைய கடவின்போது அசைவற்று இருந்துவிட்டு அடுத்த கடவுக்குமுன் முடிந்துபோயிருக்கும். பன்னிரண்டு நாள் என்பது ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிக நீண்ட இடைவெளி. தவிரவும் ரேடார் சாய்வாகப் பார்ப்பது. நிசார் எப்போதும் தன் இடப்புறமே நோக்குவதால், வடக்கு நோக்கி ஏறும் கடவில் மேற்கு முகமாகவும், தெற்கு நோக்கி இறங்கும் கடவில் கிழக்கு முகமாகவும் மலையைக் காணும். ஊர் பெரும்பாலும் மலையின் கிழக்கே கிடக்கிறது. அந்தக் கிழக்குச் சரிவை எதிரே நின்று பார்க்கும் கடவில், செங்குத்தான பகுதிகளின் உச்சியும் அடியும் படத்தில் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து விழுந்துவிடும். முதுகுப்புறமாகப் பார்க்கும் கடவே ஓரளவு பயன் தரும். ஒரே மலையை இரு திசையிலும் பார்த்தாலும் ஒரு சரிவுக்குப் பாதிச் சான்றே கிடைக்கிறது.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட இரண்டாம் வம்சத்துக்கு வருவோம். கோளிலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கோளுக்கும் செல்லும் அலை, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயன மண்டலத்தை இருமுறை கடக்கிறது. அம்மண்டலம் அலையைத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாதலால், நிசாரின் எல் அலைக்கு நேரும் தாமதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் எஸ் அலைக்கு நேரும். திருத்தாமல் விட்டால் அத்தாமதம் மலையே நகர்ந்துவிட்டதுபோல் போலித் தோற்றம் தரும். உலகில் அயன மண்டலம் மிகக் கொந்தளிப்பாயிருக்கும் பகுதிகளுள் ஒன்று நம் தலைக்கு மேலுள்ளது. காந்தப் பூமத்திய ரேகை தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் அருகாமை கருதியே தும்பாவில் 1963 நவம்பர் 21-இல் முதல் ஆராய்ச்சி ராக்கெட் விடப்பட்டது. அந்திக்குப் பின் இங்கே அயன மண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து அடர்த்தி குன்றிய குமிழிகள் மேலெழுந்து வானொலி அலைகளைத் துடிக்கச் செய்கின்றன. 1994 மே 4-இல் ஏவப்பட்ட ஸ்ராஸ்-சி2 என்னும் சிறு கோள், தான் பறந்த அயன மண்டலத்திலேயே அயனிகள், எலக்ட்ரான்களின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் பல ஆண்டுகள் அளந்தது. அந்நாளில் அதைப் பத்திரிகைகள் பெரிதாகப் பேசவில்லை. இன்று ஒரு மலையின் அசைவை அளப்பதற்கு அவ்வகை அறிவு தேவைப்படுகிறது.

அயன மண்டலத்தை ஆட்டி வைப்பது சூரியன். ஃபெஞ்சல் வந்த 2024-ஆம் ஆண்டு சூரியச் சுழற்சியின் உச்சக் காலம். அவ்வாண்டு மே மாதம் 10, 11 தேதிகளில் இருபதாண்டுகளில் காணாத காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனையே நோக்கியிருக்கும் ஆதித்யா-எல்1 அந்தக் கொந்தளிப்பைப் பதிவு செய்தது. அதன் முதன்மைக் கருவியாகிய சூரிய ஒளிவட்டமானியை உருவாக்கியது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அதே நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு, அண்ணாமலைக்கு வடமேற்கே சவ்வாது மலையில் இருக்கிறது. சூரியனைப் பார்க்கும் கோளும் சரிவைப் பார்க்கும் கோளும் தனித்தனி சாஸ்திரங்கள் எனப் பாடநூல்கள் பிரித்துவைத்தாலும், முன்னது தரும் அறிவு பின்னதன் அளவையை இப்பிரதேசத்தில் எடைபோடத் துணை செய்யும்.

6. யாரும் கேட்காத சாட்சி

புயலன்றைய சான்று இவ்வளவு பலவீனமாயிருக்க, கோள்களின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? அவற்றின் ஞாபகத்தில். லாண்ட்சாட் வரிசை 1972 முதலும், நம் ஐ.ஆர்.எஸ். வரிசை 1988 மார்ச் 17 முதலும் இம்மலையைக் கடந்து சென்று படமெடுத்து வைத்திருக்கின்றன. ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் நுண்ணிய கேமரா 36 மீட்டர் வரை பிரித்துக் கண்டது; 1995-இல் வந்த 1சி கோளின் ஒற்றைநிறக் கேமரா 6 மீட்டருக்கும் குறைவாக; 2005-இல் கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டர், அதுவும் இரு கோணத்திலிருந்து, உயரத்தையும் கணக்கிடும்படியாக; 2007-இல் கார்ட்டோசாட்-2 ஒரு மீட்டருக்குள்; 2019-இல் கார்ட்டோசாட்-3 கால் மீட்டர்.

இந்த வரிசையில் அண்ணாமலையின் இரண்டு கதைகளைப் படிக்கலாம். ஒன்று மகிழ்ச்சியானது: எண்பதுகளில் மொட்டையாக நின்ற மலையில் மரம் நடும் பணி தொடங்கி, ஆண்டுதோறும் கோடைத் தீயோடு போராடி, பச்சை திரும்பிய கதை. செந்நிற ஒளியை இலை உறிஞ்சுவதையும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதையும் ஒப்பிட்டு இப்பச்சையைக் கோள் அளக்கும். மற்றொரு கதை அடிவாரத்தினது. கோயிலுக்கும் மலைக்கும் நடுவிலும், பாதையின் ஓரங்களிலும், கூரைகள் ஆண்டுக்காண்டு மேல்நோக்கி ஏறியதை ஊரார் யாவரும் அறிவர். மலையடிவார ஆக்கிரமிப்புகள் நீதிமன்றம் வரை வழக்காகியிருக்கின்றன. அங்கே வீடு கட்டியவர்களைக் குற்றஞ்சொல்வது எளிது. கோயில் நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, கூலிக்காரனுக்கு எஞ்சியிருப்பது யாரும் விரும்பாத சரிவுதான் என்பதை அவ்வாறு சொல்வோர் கணக்கில் கொள்வதில்லை.

நிலச்சரிவு பற்றிய நம் தேசியப் படைப்புகளின் நோக்கோ வேறு. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, 1998 முதல் 2022 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 80,000 சரிவுகளைத் திரட்டி, 17 மாநிலங்களையும் 2 யூனியன் பிரதேசங்களையும் சேர்ந்த 147 மாவட்டங்களை அபாய வரிசைப்படுத்தியது. அதன் கவனம் நியாயமாகவே இமயத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குவிந்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை சரிவுக்குரியவை என்று எடுத்துக்கொண்டு வரைந்த சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைப்பகுதியும் பெரும்பாலும் அவையே. அவ்வரைபடங்களின் அளவை 1:50,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர், ஒரு தெருவின் அகலமும் அதன் இருபுறத்து வீடுகளும் அதில் அடங்கிவிடும். சமவெளியில் தனித்து நிற்கும் ஒரு குன்றின் அடிவாரத்துத் தெருவைப் பற்றிய அறிவு இந்த அளவையில் தேடினால் அகப்படாது.

2024 டிசம்பரில், சரிவுக்குப் பின் கார்த்திகை தீபத்துக்கு இரு வாரமும் முழுதாக இல்லாத நிலையில், பக்தர்களை மலையேற விடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு விடை கண்டவர்கள் நிலவியல் வல்லுநர்கள். அவர்கள் மலைமேல் நடந்து, ஊறிய மண்ணையும் நிலைகுலைந்த பாறைகளையும் நேரில் பார்த்தனர். அதன்மேல் டிசம்பர் 13 தீபத்தன்று பொதுமக்கள் ஏறுவது தடுக்கப்பட்டு, தீபப் பணிக்கு வேண்டியவர்கள் மாத்திரம் அனுமதிக்கப்பட்டனர். காட்சி அளவைக்கு அன்று கிடைத்த மரியாதை அது. அவர்கள் கண்டதை ஒரு வரைபடத்தில் குறித்து, மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் ஆண்டுக்கு இருமுறை அதே தடத்தில் நடப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. எந்தப் பாறை எப்போது உருண்டது, எந்தச் சுனை வழி மாறியது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் அடிவாரத்தில் இருக்கிறார்கள். உரை அளவைக்கு அவர்களே சாட்சி.

கோள்கள் இதில் செய்ய வேண்டிய பங்கு அநேகமாக முன்பே செய்து முடிக்கப்பட்டிருக்கிறது. கார்ட்டோசாட்-1 படங்களின் உயரக் கணக்கிலிருந்து மலைமேல் மழைநீர் திரண்டு இறங்கும் ஓடைக்கோடுகளை வரையலாம். பின்வந்த கோள்களின் படங்களிலிருந்து ஒவ்வொரு கூரையையும் அது தோன்றிய ஆண்டோடு குறிக்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எந்தக் கூரை எந்த ஓடையின் வாயில் நிற்கிறது என்று வார்டு வாரியாகப் பட்டியலிட, இனிமேல் புதிதாக ஒரு கோளும் ஏவ வேண்டியதில்லை. நகராட்சி அலுவலகத்தில் அதற்கென ஒருவரை நியமித்து, மாற்றிடம் தரும் பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானித்தால் போதும்.